வீட்டைப் பிரித்துப் பார்!

(வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வெயிலைப் பாராமல் தேவகோட்டையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, பந்தல் தந்த கோயில் காரியக்காரர்களே, என் மாணவச் செல்வங்களே, வணக்கம். நாற்பது நாளாக ஓடியாடிய செயலாளர் தம்பிக்கும் என் நன்றி.

செல்லுக்குள் ஆற்றல் தரும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியா பற்றி ஒரு செய்தி சொல்ல வந்தேன்: செல் எப்படிச் சாகிறது. அதை நம் ஊர்ப் பழைய வீடுகளோடு சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். வகுப்பில் நான் இன்னொன்றும் சேர்ப்பேன்: வீட்டைப் பிரித்துப் பார்!

தாய் வயிற்றில் கை முதலில் துடுப்புப் போலத்தான் இருக்கும். இடையிலுள்ள செல்கள் முறையாக மடிவதால் விரல்கள் பிரிகின்றன. இச்சாவுக்கு 1972-இல் கெர், வில்லி, கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வு. நடுவே சைட்டோகுரோம் சி என்ற புரதம் எலக்ட்ரானைச் சுமந்து, செல்லுக்கு ஆற்றல் கிடைக்க உழைக்கிறது. சாவு உறுதியானதும் பாக்ஸ், பாக் புரதங்கள் வெளிச்சவ்வைத் துளைக்கின்றன. சைட்டோகுரோம் சி வெளியேறி, ஏழு ஆரச் சக்கரம் போன்ற புரதக் கூட்டு ஒன்றை அமைக்கிறது. அது, புரதங்களை நறுக்கும் காஸ்பேஸ் என்னும் கத்தரிகளை முடுக்குகிறது. இதில் சைட்டோகுரோம் சியின் பங்கை 1996-இல் சியாதோங் வாங் குழுவினர் காட்டினார்கள். சோறு போட்ட கையே பிரிக்கவும் சொல்கிறது! துண்டுகளை அண்டைச் செல்கள் விழுங்கிவிடும். வீக்கம் இல்லை, சீழ் இல்லை. அடிபட்டுச் சாகும் செல்லோ வெடித்து, அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கும்.

எங்கள் தெரு வீடுகளில் இந்த இருவகைச் சாவையும் பார்த்தேன். பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் ஒரு வீட்டை விற்றார்கள். காலையில் இயந்திரம் வந்தது. மாலைக்குள் பட்டாலைக் கூடம், வளவு முற்றம் எல்லாம் மண்மேடு. பக்கத்து வீட்டுச் சுவர் விரிந்தது, கிணறு தூர்ந்தது. அங்கே பிறந்த எண்பது வயது ஆச்சி, ஒரே ஒரு ஆத்தங்குடித் தரைக்கல்லை முந்தானையில் சுற்றி எடுத்துப் போனார். கீழவீட்டிலோ ஒரு முதிய ஆசாரி சுண்ணாம்புக்கட்டியால் தேக்குத் தூண், உத்தரம், நிலை எல்லாவற்றிலும் எண் எழுதினார். ஓடு முதலில், சட்டம் அடுத்து, தூண் கடைசி என்று பிரித்தார். இரண்டு மாதம் ஆயிற்று. அந்த வாசல்நிலை இன்று இதே வாசகசாலை வாசலில் நிற்கிறது, திரும்பிப் பாருங்கள்!

வீட்டைக் கட்டிப் பார் என்றவர்களின் பேரப்பிள்ளைகளே, காப்பாற்ற முடிந்த வீட்டைக் காப்பாற்றுங்கள். முடியாவிட்டால் இயந்திரத்தைக் கூப்பிடும் முன் ஆசாரியைக் கூப்பிடுங்கள். தூண்கள் கப்பலேறும் முன் ஊருக்குச் சொல்லுங்கள். வாசல் மேசையில் நோட்டு வைத்திருக்கிறோம். பூட்டிக் கிடக்கும் வீட்டின் விலாசமும் பங்காளிகளின் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆசாரியோடு நானே வருகிறேன்.