சுரங்கப் பயிற்சிக்கு விஆர்: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

[காட்சி: இருண்ட நிலக்கரிச் சுரங்கப் பாதை. தொப்பி விளக்கின் ஒளி விழும் இடம் மட்டும் தெரிகிறது.]

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால், ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். 9.5 சதவீதத்தை ஒட்டி அந்த வெடிப்பு மிகக் கடுமையாக இருக்கும். புதிதாகச் சேர்ந்த தொழிலாளியை இப்படிப்பட்ட இடத்தில் நிறுத்திப் பயிற்சி தர யாராலும் முடியாது. விஆர் (மெய்நிகர்) ஹெட்செட், அதாவது கணினி உருவாக்கிய பாவனைச் சுரங்கத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் தலைக்கருவி, அங்கேதான் கைகொடுக்கிறது. ஆனால் ஒன்று: சரியாகச் செய்து பார்த்தது மனதில் எவ்வளவு ஆழமாகப் பதியுமோ, தவறாகச் செய்து பார்த்ததும் அவ்வளவு ஆழமாகப் பதியும். அதனால் பாவனைச் சுரங்கத்தில் எதைத் துல்லியமாகக் கட்ட வேண்டும் என்பதைத்தான் இங்கே முதலில் பார்க்கிறோம்.

[காட்சி: கையில் வாயு அளவுக் கருவி. கை மேலே போகப் போக எண் கூடுகிறது.]

மீத்தேன் காற்றைவிட லேசானது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் கூரையை ஒட்டிப் படலமாகத் தேங்கும். ஆகவே கருவியைக் கூரைக்கு அருகே உயர்த்திப் பிடித்து அளக்க வேண்டும். பல பாவனைகளில் அறை முழுவதற்கும் ஒரே அளவைக் கொடுத்துவிடுகிறார்கள். கருவியை மார்புக்கு நேரே பிடித்தாலே சரியான எண் வந்துவிடும். இப்படிப் பழகியவர் நிஜச் சுரங்கத்திலும் மார்பளவில்தான் அளப்பார். தலைக்கு மேலே இருக்கும் வாயு அவருக்குத் தெரியவே தெரியாது. உயரத்துக்கு ஏற்ப அளவு மாறும்படி நிரல் எழுதுவது பெரிய வேலையே இல்லை. அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

15 சதவீதத்துக்கு மேல் போனால் வெடிக்காது என்று சிலர் நிம்மதி அடைவதுண்டு. புதுக்காற்று உள்ளே வந்ததும் அந்த அளவு இறங்கி, வெடிக்கும் எல்லைக்குள் மறுபடி நுழையும். காற்றோட்டத்தைத் திறந்துவிட்டு எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்க வைத்தால் இது ஒரே தடவையில் புரிந்துவிடும்.

அடுத்தது கூரையின் உயரம். நிஜப் பாதை 1.5 மீட்டர்தான் என்றால் பாவனையிலும் 1.5 மீட்டர்தான் இருக்க வேண்டும். தலை கூரைக்குள் புகுந்தால் திரை கறுத்து, ஓர் ஓசை எழ வேண்டும். இல்லையென்றால் எல்லாரும் நிமிர்ந்தே நடப்பார்கள். அதேபோல், பட்டனை அழுத்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் வசதியைத் தாங்கல் இல்லாத கூரைக்கு அடியில் அடைத்துவிட வேண்டும். கூரைப் பாறையைப் பிடித்து நிறுத்தும் ரூஃப் போல்ட் போடாத பகுதியைத் தாவிக் கடக்கலாம் என்ற பழக்கம் உயிரை வாங்கும்.

[காட்சி: புகை. கை ஒரு கயிற்றைத் தடவிக்கொண்டு நகர்கிறது.]

புகையில் வெளியேறும் பயிற்சிதான் விஆர் தரும் பெரிய பலன் என்பது எங்கள் கருத்து. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் தப்பிக்கும் பாதையோரம், புகையில் தடவிக்கொண்டே வெளியேற உதவும் உயிர்க்கயிறு கட்டியிருப்பார்கள். 100 அடிக்கு மிகாத இடைவெளியில் திசை காட்டும் குறிகள் இருக்கும். அவை கூம்புகளாக இருந்தால், கூர்முனை சுரங்கத்தின் உட்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. வெளியே போகிறவரின் கை கூம்பின் மேல் வழுக்கிச் செல்லும். தவறிப்போய் உள்ளே நடந்தால் தட்டையான அடிப்பக்கத்தில் முட்டி நிற்கும். கையில் பிடிக்கும் விஆர் கன்ட்ரோலரின் அதிர்வு இந்த வித்தியாசத்தைச் சரியாக உணர்த்தாது. பயிற்சி அறையில் நிஜக் கயிற்றைக் கட்டி, நிஜக் கூம்புகளைக் கோத்து, பாவனைக் கயிற்றை அதன்மேல் பொருத்துங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

நச்சுப் புகையில் தப்பி வெளியேற ஆக்சிஜன் தரும் சுவாச மீட்புக் கருவிக்கும் இதே பேச்சுதான். ஆக்சிஜனைத் தொடங்கு, வாய்ப்பகுதியைக் கடி, மூக்குக் கவ்வியைப் போடு: இந்த மூன்றும் முதலில். கண்ணாடி, வார், தொப்பி பிறகு. இதைக் கன்ட்ரோலர் பட்டனால் பழக்கினால் விரல்கள் எதையும் கற்பதில்லை. வேதிவினையால் ஆக்சிஜன் தரும் கருவியில் மூச்சு சூடாக வரும், இழுக்கவும் கொஞ்சம் கடினமாக இருக்கும். இதை முன்கூட்டி அறியாதவர் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து, நச்சுப் புகைக்கு நடுவே அதைக் கழற்றிவிடக்கூடும். ஹெட்செட்டால் இந்த உணர்வைத் தர முடியாது. மூச்சுத் தடை உள்ள பயிற்சிக் கருவியைத் தனியாகக் கொடுத்துப் பழக்க வேண்டும்.

[காட்சி: திரையில் பிரேம் வேகம். புகை சூழ்ந்ததும் எண் சரிகிறது.]

ஹெட்செட் அணிந்தவருக்குத் தலைசுற்றல் வருவது ஏன்? நொடிக்கு 90 முறை படம் மாறும் 90 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒவ்வொரு பிரேமும் (படமும்) சுமார் 11 மில்லிசெகண்டில் தயாராக வேண்டும். தலையைத் திருப்பியதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே 20 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகக் கூடாது. புகையை ஒளி ஊடுருவும் படலங்களாக அடுக்கினால், ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். பயிற்சியின் முக்கியக் கட்டத்தில் பிரேம் வேகம் விழுந்து வயிற்றைப் புரட்டும். தூரத்துக்கு ஏற்ப நிறத்தை மங்கச் செய்யும் எளிய மூடுபனி முறையே போதும். முதல் அமர்வை 10 நிமிடத்தில் முடியுங்கள்.

சுரங்கம் போலத் தோன்றட்டும் என்று அறை விளக்கையும் அணைத்துவிடாதீர்கள். ஹெட்செட்டில் உள்ள கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் இடத்தைக் கணிக்கின்றன. இருட்டில் அந்தக் கணிப்பு தவறி, காட்சி வழுக்கத் தொடங்கும்.

டம்பர் லாரி ஓட்டப் பழகுவது வேறு கதை. அதற்கு நிஜ ஸ்டியரிங், பெடல், ரிடார்டர் (இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) நெம்புகோல் உள்ள கேபின் சிமுலேட்டர்தான் பொருத்தம்.

[காட்சி: வட்டத் திரை நடுவே ஒரு குழு.]

குழுவாக முடிவெடுக்கப் பழக்க, ஆளுக்கொரு ஹெட்செட்டைவிட 360 பாகை வட்டத் திரை நல்லது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் இந்த வழியில் போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச முடிகிறது. ஹெட்செட்டே பயன்படுத்தினாலும், பாவனைக்கு 10 நிமிடம் என்றால் அதன் பிறகான உரையாடலுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். பதிவை மேலிருந்து பார்க்கும் வரைபடமாக ஓட்டி, பயிற்சி பெற்றவர் எங்கே நின்றார், எப்போது வாயுவை அளந்தார், எந்தத் திருப்பத்தில் தயங்கினார் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மதிப்பெண் மட்டும் சொல்லி அனுப்பினால் ஏன் தவறினோம் என்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

கடைசியாக வரைபடம். சுரங்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். காற்றோட்டக் கதவுகள் இடம் மாறும், தப்பிக்கும் பாதையும் மாறும். புதிய அளவை வரைபடம் வந்ததும் பாவனையை அதோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். திருத்தி முடியும்வரை அந்தப் பகுதிக்கான வெளியேறும் பயிற்சியை நிறுத்தி வையுங்கள். அடைபட்ட பழைய பாதையைத் தப்பிக்கும் வழியாக யாரும் மனப்பாடம் செய்துவிடக் கூடாது.