எதிரியைக் கூட்டினால் கேம்பெயின் நிஜமாகிவிடுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். ஒரு நேயர் ஐஎல்-2 கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் என்ற விமான சிமுலேட்டர் கேமில், 1940 பிரிட்டன் வான்போரை வைத்து சொந்தமாக ஒரு கேம்பெயின், அதாவது அடுத்தடுத்து விளையாடும் மிஷன்களின் தொடர், தயாரிக்கிறார். "எதிரி விமானங்களைக் கூட்டினேன், கணினி ஓட்டும் ஏஐ விமானிகளின் திறமையை உச்சத்தில் வைத்தேன், மேகம்கூடச் சேர்த்தேன். ஆனாலும் விளையாடிய நண்பர்கள் எல்லோரும் சும்மா சுட்டுத்தள்ளுகிற ஆர்கேட் கேம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே குறை? போர் தானாகவே நகர்கிற டைனமிக் கேம்பெயின்தான் இதற்கு வழியா?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மிஷனில் இருக்கிற எல்லோருக்கும் எல்லாமே தாராளமாகக் கிடைக்கிறது. எரிபொருள், நேரம், தகவல், எதிலுமே தட்டுப்பாடு இல்லை. குறை அங்கேதான். போரில் ஒரு விமானி எடுக்கும் முடிவெல்லாம் ஏதோ ஒன்று தீர்ந்துபோகப் போகிறது என்பதால் எடுப்பதுதான். அதை எடுத்துவிட்டால் சுடுவது மட்டும்தான் மிஞ்சும்.

ஜெர்மன் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் கலே பக்கமிருந்து கிளம்பி லண்டன் வரை வந்தால், அங்கே சண்டை போட அதற்கு ஏறக்குறைய 10 நிமிடம்தான் எரிபொருள் இருக்கும். அதற்குமேல் நின்றால் திரும்பும்போது ஆங்கிலக் கால்வாயில் இறங்க வேண்டியதுதான். அப்படி இறங்கியவர்கள் நிறையப் பேர். உங்கள் மிஷனில் 109கள் என்ன செய்கின்றன? கடைசி விமானம் விழும்வரை சண்டை போடுகின்றன. அவற்றுக்குச் சரியான அளவு எரிபொருள் கொடுங்கள், குறிப்பிட்ட நேரம் ஆனதும் வீடு திரும்பும்படி ட்ரிகர், அதாவது தானாக வேலை செய்யும் கட்டளை, வையுங்கள். டிசிஎஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் தயாரிப்பவர்களுக்கு, எரிபொருள் குறைந்ததும் ஏஐ தளத்துக்குத் திரும்புகிற அமைப்பே எடிட்டரில் இருக்கிறது. இந்த ஒரு மாற்றம் போதும், பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயரில் இருப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். 'இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் காவல் விமானங்கள் போய்விடும், குண்டுவீச்சு விமானங்கள் தனியாக நிற்கும்' என்று கணக்குப் போடுவார். ஜெர்மன் பக்கம் விளையாடுபவரோ எரிபொருள் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே சண்டை போடுவார். யாருக்கும் நீங்கள் தந்திரம் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அடுத்தது நேரம். நான் பார்க்கிற பெரும்பாலான மிஷன்களில் ஒரே பழக்கம்: விளையாடுபவர் ஓர் இடத்தை நெருங்கியதும் ட்ரிகர் வேலை செய்யும், எதிரி முளைப்பார். அப்படிச் செய்தால் போரே உங்களுக்காகக் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடும். டோவர் நீரிணையின் குறுகலான இடம் 33 கிலோமீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டரில் வருகிற குண்டுவீச்சு விமானம் அதை 7 நிமிடத்துக்குள் தாண்டிவிடும். ஸ்பிட்ஃபயர் முதல் ரகம் 20,000 அடிக்கு ஏற 8 நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். எதிரி பிரான்ஸ் கரையைத் தாண்டிய பிறகு நீங்கள் கிளம்பினால், அவர் டோவருக்கு வரும்போது நீங்கள் கீழே இருப்பீர்கள், அவர் தலைக்குமேல் இருப்பார். செயின் ஹோம் ரேடார் நிலையங்கள் அவ்வளவு முக்கியமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். எதிரி பிரான்ஸ் வானத்திலேயே அணிசேருவதை அவை பார்த்துவிடும்.

அதனால் குண்டுவீச்சு விமானங்கள் பிரான்சில் கிளம்பி, தங்கள் நேரத்துக்குத் தங்கள் வழியில் வரட்டும். விளையாடுபவர் தரையில், இன்ஜின் அணைந்த நிலையில் இருக்கட்டும். கிளம்பத் தாமதித்தால் தாமதித்ததுதான். அவர் வந்து சேருவதற்குள் தளத்தின் மீது குண்டு விழுந்திருக்க வேண்டும்.

தகவலையும் அப்படியே செய்யுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். செயின் ஹோம் தூரத்தை நன்றாகச் சொல்லும், உயரத்தில் தடுமாறும். அந்த நிலையங்கள் கடலைப் பார்த்து நின்றவை. எதிரி கரையைத் தாண்டி உள்ளே வந்த பிறகு தரையில் நின்று வானத்தைக் கண்காணித்த அப்சர்வர் கோர் ஆட்கள் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான். தரையிலிருந்து ரேடியோவில் வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் சொன்ன உயரத்தோடு சில ஆயிரம் அடி தாங்களாகவே கூட்டிக்கொண்டு ஏறிய விமானிகள் உண்டு. ஆகவே ரேடியோவில் 15,000 அடி என்று சொல்லிவிட்டு எதிரியை 18,000 அடியில் வையுங்கள். எல்லா மிஷனிலும் ஒரே மாதிரி வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், ஸ்கிரிப்டில் ரேண்டமாக விடுங்கள். சில தடவை சொன்ன உயரமே சரியாகவும் இருக்கட்டும்.

தோட்டா விஷயம் எல்லோருக்கும் தெரியும்: ஸ்பிட்ஃபயரில் எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா, மொத்தம் 15 விநாடி சுடலாம். தோட்டா தீராமல் வைக்கும் அன்லிமிடெட் அம்மோவை அணைத்துவிட்டால் போதும்.

அப்புறம் மதிப்பெண். எத்தனை விமானம் வீழ்த்தினார் என்று மட்டும் எண்ணினீர்கள் என்றால், விளையாடுபவர் 109களைத் துரத்திக்கொண்டு போய்விடுவார். தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த பிரிட்டிஷ் விமானப்படையின் 11வது குரூப்பை நடத்திய கீத் பார்க்குக்கு வேண்டியிருந்தது வேறு. குண்டுவீச்சு அணி கலைய வேண்டும், தன் ஸ்குவாட்ரன்கள் நாளைக்கும் பறக்கிற நிலையில் இருக்க வேண்டும். அணி தளத்தை அடையாமல் திரும்பினால் மதிப்பெண், கூடவே பறக்கும் விங்மேன் உயிரோடு இறங்கினால் மதிப்பெண் என்று வையுங்கள். இழப்பு அடுத்த மிஷனுக்கும் தொடர வேண்டும். அதற்குப் பெரிய புரோகிராமிங் தேவையில்லை. அடுத்த மிஷனையே மூன்று விதமாகச் சேமித்து, ஒன்றில் முழு ஸ்குவாட்ரன், ஒன்றில் இரண்டு பேர் குறைவு, ஒன்றில் அனுபவமில்லாத புது ஆட்கள் என்று வைத்தாலே வேலை நடக்கும்.

இப்போது டைனமிக் கேம்பெயின். 1998 டிசம்பரில் வந்த ஃபால்கன் 4.0 என்ற சிமுலேட்டரை இன்றும் பேசுகிறோம் என்றால் காரணம் இருக்கிறது. கொரியப் போர்க்களம் முழுவதும் நீங்கள் இல்லாமலேயே நடந்துகொண்டிருக்கும். தொலைவில் இருக்கிற படைகளை வெறும் எண்ணாகக் கணக்கிடும், நீங்கள் நெருங்கும்போது அவை தனித்தனி டாங்கியாகவும் விமானமாகவும் விரியும். ரசிகர்கள் இன்றும் அதை பிஎம்எஸ் என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். ஆனால் அங்கேயும் கவனித்துப் பாருங்கள், நிஜமாகத் தோன்றவைப்பது எண்ணிக்கை இல்லை. உங்களுக்கு இலக்கின்மேல் இருக்க வேண்டிய நேரம் ஒன்று குறித்திருக்கும். ஏவுகணைத் தளங்களை அடக்கப் போகிறவர்கள் உங்கள் நேரத்தை நம்பித்தான் கிளம்பியிருப்பார்கள். நீங்கள் ஐந்து நிமிடம் தாமதித்தால் அவர்கள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் தனியாக உள்ளே போக வேண்டும். இதை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட் மிஷனிலும் தாராளமாகக் கொண்டுவரலாம். எனவே டைனமிக் இன்ஜினைத் தேடி அலைய வேண்டாம். தனி ஆள் செய்கிற கேம்பெயினுக்கு ஐந்தாறு ஸ்கிரிப்ட் மிஷன்தான் நல்லது என்பது என் கருத்து.

அந்த மிஷன்களில் ஒன்றில் எதிரியே வரக் கூடாது. ரோந்து போய், ஒன்றும் பார்க்காமல் திரும்பி வரட்டும். விளையாடுபவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. அடுத்த ரோந்தில் மேகத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி தெரியும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதற்கு அந்த வெற்று மிஷன்தான் காரணமாக இருக்கும். டிசிஎஸ்ஸில் ஒரு குழு வருமா வராதா என்பதைச் சதவீதமாகவே வைக்க முடியும், அதைப் பயன்படுத்துங்கள்.

விளையாடுகிற நண்பர்களிடம் விமானங்களின் மேல் பெயர் காட்டும் லேபிளையும் வெளிப்புறக் கேமராவையும் அணைக்கச் சொல்லுங்கள். போகும் வழியில் நேரத்தை வேகமாக ஓட்டினால் தப்பில்லை, வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தேவைதான்.

முழுக் கேம்பெயினையும் இப்போதே பிரித்துப் போடாதீர்கள். தயாராக இருக்கிற மிஷனில் ஒன்றை எடுத்து, 109களின் எரிபொருளையும் திரும்பும் நேரத்தையும் மட்டும் மாற்றி அதே நண்பர்களிடம் கொடுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். என்ன மாற்றினீர்கள் என்றும் சொல்ல வேண்டாம். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.