ஒரே கோர்ல போறதும் வர்றதும்: ஓஎன்யூ உள்ள என்ன நடக்குது?

வணக்கம் மக்களே. கிருஷ்ணகிரில நம்ம ஒர்க் டேபிள்ல இருந்துதான் பேசறேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க, ஜன்னலுக்குக் கீழயே பெங்களூரு ரோடு.

இது இடி இறங்கி செத்துப்போன ஓஎன்யூ, அதாவது வீட்ல ஃபைபர் நெட் வந்து சேர்ற பெட்டி. கரன்ட் வர்ற பக்கம் கருகிடுச்சு, ஆனா லைட் பக்கம் அப்படியே இருக்கு. மூடியைக் கழட்டிட்டேன். பச்சை கனெக்டர் சொருகுற வாய்க்குப் பின்னாடி ஒரு குட்டி உலோக டப்பி தெரியுதா? இதுக்குப் பேரு போசா. பைடைரக்‌ஷனல் ஆப்டிகல் சப் அசெம்ப்ளி. ஒரே கோர்ல, அதாவது ஒரே ஒரு கண்ணாடி இழையில, உங்க வீட்டுக்கு வர்ற நெட்டும் போற நெட்டும் இந்த விரல் நகத்தளவு டப்பிக்குள்ளதான் பிரியுது.

நேரா பின்னாடி இருக்கறது லேசர். பக்கவாட்டுல செங்குத்தா ஒட்டியிருக்கறது ரிசீவர். ரெண்டுக்கும் நடுவுல 45 டிகிரி சாய்வுல ஒரு கண்ணாடித் துண்டு உண்டு, கேமராவுல சரியா விழாது. அது மேல அடுக்கடுக்கா மெல்லிசா பூச்சு போட்டிருப்பாங்க. எந்த அடுக்கு எவ்வளவு தடிமன்கறதை வச்சு, 1310 நானோமீட்டர் அலைநீள லைட் ஊடுருவிப் போயிரும், 1490 லைட் பட்டுத் திரும்பி ரிசீவர் பக்கம் விழும். ஜீபான்ல, அதாவது ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்கற முறையில, இந்த ரெண்டு நம்பர்தான்: ஆபீஸ்ல இருக்கற ஓஎல்டி மெஷின் நமக்கு அனுப்பறது 1490, நாம திருப்பி அனுப்பறது 1310. ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாத லைட், அதனால தெரியலையேன்னு ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்காதீங்க.

எதிரெதிரா வந்தா மோதிக்காதான்னு நிறைய பேர் கேக்கறீங்க. மோதாதுங்க. நாம போடற பவர்ல ஒரு லைட்டுக்குள்ள இன்னொரு லைட் பூந்து போயிட்டே இருக்கும். வழியில பிரச்சினையே இல்ல, முனையிலதான் பிரச்சினை.

கணக்கைப் பாருங்க. லைட் பவரை டிபிஎம்லதான் அளப்போம். ஓஎன்யூ லேசர் சுமாரா பிளஸ் 2 டிபிஎம்ல அனுப்புதுன்னு வைங்க. அதுக்கு வந்து சேர்றது மைனஸ் 25 டிபிஎம். 27 டிபி வித்தியாசம்னா 500 மடங்கு. திருவிழால குழாய் ஸ்பீக்கருக்குக் கீழ நின்னுக்கிட்டு எதிர்த்த தெருவுல ஒருத்தர் முணுமுணுக்கறதைக் கேக்கற கதை. அதுலயும் ரிசீவருக்குக் கலர், அதாவது அலைநீளம், பிரிக்கத் தெரியாது, 1310 விழுந்தாலும் 1490 விழுந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். சொந்த லேசர்ல இருந்து கொஞ்சம் சிதறி உள்ள விழுந்தாக்கூட காது அடைச்சுரும். அதனால நடுக் கண்ணாடி பத்தாதுன்னு ரிசீவர் முன்னாடி இன்னொரு ஃபில்டர் வைப்பாங்க. ரெண்டு பக்கமும் லைட் அனுப்பறது சுலபம். தன் சத்தத்துல தானே செவிடாகாம இருக்கறதுதான் இந்த டப்பியோட வேலை.

இந்தக் கலர் தெரியாத சங்கதி நம்ம லைன் பசங்களைப் படுத்தற பாடு இருக்கே! கேபிள் டிவியும் நெட்டும் ஒரே கோர்ல போற ஏரியாவுல, டிவி 1550ல வருது. வீட்ல ஓஎன்யூல ரெட் லைட், நெட் இல்லன்னு கம்ப்ளெய்ன்ட். போய் சாதா பவர் மீட்டரை வச்சா சூப்பரா பவர் காட்டும். ஓஎன்யூவை மாத்துவாங்க, அப்பவும் ரெட் லைட்தான். மீட்டர் காட்டினது டிவி லைட்டுங்க, 1490 வரவே இல்ல. மீட்டர்ல 1490னு பட்டனை மாத்தினா அது மட்டும் அளக்கும்னு நம்பாதீங்க. அந்த பட்டன் கணக்கை மட்டும்தான் மாத்தும், லைட்டை வடிகட்டாது. கலர் பிரிச்சுக் காட்டற பான் மீட்டர் வாங்குங்க. விலை கூடத்தான், ஆனா அலைச்சல் மிச்சம். நாம அனுப்பற 1310ஐயும் அதுலதான் பாக்கணும். 32 வீடோ 64 வீடோ ஒரே கலர்ல அனுப்பறதால, ஓஎல்டி முறை கொடுத்தப்பதான் ஓஎன்யூ வாயைத் திறக்கும். சும்மா கழட்டி மீட்டர்ல சொருகினா ஒண்ணும் வராது.

டிவி மட்டும் புள்ளி புள்ளியா வருது, நெட் ஓடுதுன்னா, பீரோவுக்குப் பின்னாடி ஒயர் எங்கயாவது மடங்கியிருக்கான்னு பாருங்க. வளைவுல 1550தான் முதல்ல கசியும்.

அப்புறம் பச்சை கனெக்டர் வாய்ல நீல கனெக்டரைச் சொருகற புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை கனெக்டர் முனையை 8 டிகிரி சாய்ச்சுத் தேய்ச்சிருப்பாங்க, எதிரொளி வந்த வழியே திரும்பாம வெளிய சிதறட்டும்னு. நீலத்தை வச்சா நடுவுல காத்து இடைவெளி விழும், நீல முனையில மட்டும் சுமார் 4 சதவீத லைட் திரும்பி ஓடும். நம்ம ஊர்ல கிரானைட் தூள் வேற. சொருகறதுக்கு முன்னாடி துடைங்கப்பா!

சரி, ஒரே கலரை ரெண்டு பக்கமும் அனுப்ப முடியாதா? முடியும். அதுக்கு சர்குலேட்டர்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணாம் வாய்ல விட்டா ரெண்டுல வரும், ரெண்டுல விட்டா மூணுல வரும், ஒண்ணுக்குத் திரும்பாது. 1845ல ஃபாரடே கண்டுபிடிச்ச விஷயம் இது: காந்தப்புலத்துல இருக்கற பொருள் வழியா போனா லைட்டோட அதிர்வுத் திசை திரும்பும். போறப்ப 45 டிகிரி திரும்பினா, வர்றப்ப அது அவிழாது, அதே பக்கமா இன்னொரு 45 திரும்பி 90 ஆயிரும். அந்த வித்தியாசத்தை வச்சு வேற வாய்க்குத் தள்ளிருவாங்க. ஆனா வழியில ஒரு மோசமான கனெக்டர் இருந்தா, நம்ம லைட்டே எதிரொளிச்சு மூணாம் வாய்க்கு வந்துரும். ரெண்டும் ஒரே கலர்ங்கறதால எந்த ஃபில்டராலயும் பிரிக்க முடியாது. அதனால வீட்டு லைனுக்குக் கலர் பிரிச்சு அனுப்பறதுதான் சரி. ஃபைபர்ல எங்க பழுதுன்னு தேடற ஓடிடிஆர் மெஷினுக்கு மட்டும் கதையே வேற, அந்த எதிரொளிதான் அதுக்குச் சோறு.

கடைசியா, தருமபுரில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒரே கோர் கிடைச்சிருக்கு, பைடை எஸ்எஃப்பி போடலாமாண்ணான்னு. ஸ்விட்ச்ல சொருகற, ஒரே கோர்ல ரெண்டு பக்கமும் பேசற குட்டி மாட்யூல் அது. தாராளமா போடுங்க. கேபிள் 50 கிலோமீட்டர்னு வைப்போம். 1310க்குக் கிலோமீட்டருக்கு 0.35 டிபி போனா 17.5 ஆச்சு. 1550க்கு 0.2 வச்சா 10தான். ஒரே கோர்தான், ஆனா போறதுக்கும் வர்றதுக்கும் நஷ்டம் வேற வேற. அதனால 1310 ஜோடி வேண்டாம், 1490க்கு 1550 ஜோடியா 80 கிலோமீட்டர் மாடல் எடுங்க. கோரை ஒட்டற இடத்துல வர்ற ஸ்ப்ளைஸ் நஷ்டத்தைத் தனியா கூட்டிக்கோங்க. ஜோடியாத்தான் வாங்கணும்: இந்தப் பக்கம் அனுப்பற கலர் அந்தப் பக்கம் வாங்கற கலரா இருக்கணும். கைப்பிடி கலரை நம்பாம லேபிளைப் படிங்க. நடுவுல பவர் பத்தலைன்னு ஈடிஎஃப்ஏங்கற லைட் ஆம்ப்ளிஃபையரை வச்சுராதீங்க தம்பி. அதுக்குள்ள ஐசொலேட்டர் இருக்கு, ஒரு பக்கம் மட்டும்தான் லைட்டை விடும், திரும்பி வர்றது அங்கயே செத்துரும். கேபிள் ஆபீஸ்ல இருக்கற பான் ஈடிஎஃப்ஏ எப்படி வேலை செய்யுதுன்னு கேப்பீங்க. அதுல 1550 மட்டும் ஆம்ப்ளிஃபையருக்குள்ள போகும், 1490ஐயும் 1310ஐயும் ஃபில்டர் போட்டு ஓரமா சுத்தி விட்டிருப்பாங்க. பழசு ஒண்ணு கைக்கு வந்திருக்கு, அடுத்த வீடியோல அதைத் திறந்துருவோம்.