கருகியது போக மிச்சம்: ஓர் ஐரிஷ் உறவைத் தேடும் வழி

அவையோருக்கு வணக்கம்.

அயர்லாந்தில் வேர் தேடப் புறப்படுகிறவர் காதில் முதலில் விழுவது “அங்கேதான் எல்லாம் எரிஞ்சு போச்சே” என்ற பேச்சு. அது பாதிதான் உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் மூண்ட நாட்களில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு குடிக்கணக்குகளும் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும்) சில துண்டுகள் தவிர அதில் போயின. ஆனால் 1861, 1871 கணக்குகளை அரசே முன்பு அழித்திருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாயின. பழி முழுவதையும் நெருப்பின் மேல் போடுவது நியாயமில்லை.

அயர்லாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் சபையின் பங்குப் பதிவேடுகளில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) பாதிக்கு மேல் அங்கே சாம்பலாயின. கத்தோலிக்கப் பதிவேடுகளை அரசு கேட்கவுமில்லை, சாமியார்கள் கொடுக்கவுமில்லை. ஒதுக்கி வைக்கப்பட்டதே அவற்றைக் காப்பாற்றியது. ஏறத்தாழ 1880 வரையிலான அந்த ஏடுகளின் படங்களை அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

ஆனால் தேடலை அயர்லாந்தில் தொடங்காதீர்கள். போனவர் போய்ச் சேர்ந்த நாட்டில் தொடங்குங்கள். “மேரி மர்ஃபி, அயர்லாந்து” என்று தேடுவது, “முருகன், தமிழ்நாடு” என்று தேடுவதற்குச் சமம். முதலில் கையில் வேண்டியது ஊரின் பெயர். அங்கே அதை டவுன்லாண்ட் என்பார்கள். பெயரில் டவுன் இருந்தாலும் பட்டணம் அல்ல. நாலைந்து வீடும் வயலும் சேர்ந்த குக்கிராமமாகவும் இருக்கும். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு, ஒரே பெயரில் பல.

அமெரிக்கக் குடிக்கணக்கு பிறந்த இடமாகப் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்று மட்டும் எழுதி முடித்துவிடும். 1907க்குப் பிந்தைய கப்பல் பயணிகள் பட்டியல் அப்படியல்ல: பிறந்த ஊரையும், விட்டு வந்த நாட்டில் உள்ள நெருங்கிய உறவினரின் பெயர், முகவரியையும் கேட்டது. ஆஸ்திரேலிய இறப்புச் சான்றிதழ்களில் பெற்றோர் பெயரே கிடைக்கும். பாஸ்டனில் வெளிவந்த ‘பைலட்’ பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அவற்றில் பலவற்றில் பங்கின் பெயர் இருக்கும். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. “எங்கள் பாட்டி கார்க் ஊர்க்காரி” என்று வீட்டில் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். கப்பல் ஏறிய குயீன்ஸ்டவுன் துறைமுகம் கார்க்கில் இருந்தது. ஏறிய இடமே பிறந்த இடமாகப் பேச்சில் மாறியிருக்கலாம்.

ஊர் கிடைத்ததும் 1901, 1911 குடிக்கணக்குகளுக்குப் போங்கள். முழுமையாக மிஞ்சிய மிகப் பழைய கணக்குகள் இவைதாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1911 படிவத்தில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: மணமான பெண்களிடம், மணமாகி எத்தனை ஆண்டு, உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை என்று கேட்டார்கள். ஒரு தாய்க்கு ஒன்பது பிறந்து ஏழு இருக்கிறது, வீட்டில் மூன்றுதான் என்றால், நால்வர் வெளியே. நீங்கள் தேடும் ஆள் அந்த நால்வரில் ஒருவர். 1901இல் அதே வீட்டைத் திறந்தால், போகுமுன் இருந்த மூத்த பிள்ளைகளில் சிலராவது கண்ணில் படுவார்கள். பிறகு 1864 முதல் உள்ள பிறப்புப் பதிவுகளில் ஒன்பது பேரையும் வரிசையாக எடுத்து, யார் இறந்தார், யார் மணமாகிப் போனார், யார் சுவடில்லாமல் போனார் என்று கழித்துக்கொண்டே வர வேண்டும்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்தது. 1901இல் ஐம்பத்தாறு என்று சொன்ன மனிதர் 1911இல் எழுபது ஆகிவிடுவார். பத்தாண்டில் பதினான்கு வயது கூடுவது அயர்லாந்தில் அன்று சாதாரணம்! இதிலும் ஒரு நன்மை உண்டு. வயதை நிரூபிக்க, அப்போது எரியாமலிருந்த 1841, 1851 கணக்குகளில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் மிஞ்சியிருக்கின்றன. பெற்றோர் பெயரும் ஊரும் அவற்றில் உண்டு.

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு எல்லோருக்கும் 1864இல்தான் வந்தது. கத்தோலிக்கர் அல்லாதார் திருமணங்களுக்கு மட்டும் 1845இல். நூறாண்டு கடந்த பிறப்பு, எழுபத்தைந்து கடந்த திருமணம், ஐம்பது கடந்த இறப்பு ஆகியவற்றின் பதிவுகளை அரசின் ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பதிவு மாவட்டம், ஏழைகளுக்கு உதவ வகுத்த நிர்வாகப் பகுதியான ஏழையர் சட்ட ஒன்றியத்தின் எல்லைப்படி அமைந்தது. கவுன்டி எல்லையை, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவின் எல்லையை, அது மதிக்காது. பாலினா பதிவு மாவட்டத்தில் பதிவானவர் மேயோக்காரராகவும் இருக்கலாம், ஸ்லைகோக்காரராகவும் இருக்கலாம். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த தேதியைத் தள்ளிச் சொன்னவர்கள் நிறைய. அதனால் பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளைப் பார்ப்பீர்கள். அங்கே பங்கு ஏட்டை நம்புங்கள். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் கிடையாது. தகவல் தந்தவர் பெயரைப் பாருங்கள். சில நேரம் அது, கணவன் குடும்பப் பெயரோடு ஒரு மகளாக இருக்கும். புதிய கிளை அங்கே தொடங்கும்.

பங்கு ஏடுகள் பல லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் அங்கே ஜாகோபுஸ். நம் பங்குகளில் யாகப்பர் என்றால் ஜேம்ஸ்தான் என்பது போல. வில்லியம் குலியெல்முஸ். வீட்டுப் பெயர் வேறு கதை: பிரிட்ஜெட் என்பவள் பிடி, பிரைடி, டீலியா, ஹொனோரா என்பவள் நோரா. ஓ’சல்லிவன் ஒரு தலைமுறையில் சல்லிவன், அடுத்ததில் மறுபடி ஓ’சல்லிவன். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் ஞானப்பெற்றோர் பெயர்களும் ஏட்டில் இருப்பதால், தந்தை, தாய் என்ற இரு குடும்பப் பெயர்களின் இணையை வைத்துத் தேடுங்கள். ஒரே பங்கில் அதே இணை உள்ள வேறு தம்பதிகள் குறைவாகவே இருப்பார்கள்.

1864க்கு முன், பங்கு ஏடு போக, நிலம்தான் துணை. ரிச்சர்ட் கிரிஃபித் நடத்திய நிலமதிப்பீடு 1847 முதல் 1864 வரை வெளியானது. ஒவ்வொரு டவுன்லாண்டிலும் நிலமோ வீடோ வைத்திருந்தவர், அவருக்குக் குத்தகை விட்டவர், பரப்பு, மதிப்பு எல்லாம் உண்டு. ஒரே ஊரில் இரண்டு ஜான் மர்ஃபி இருந்தால் அடைப்புக்குறியில் தகப்பன் பெயரைப் போட்டார்கள். நம் இனிஷியல் மாதிரி. பலரும் இந்த அச்சுப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான சாறு, அதைத் தொடர்ந்து பராமரித்த திருத்தப் புத்தகங்களில் இருக்கிறது. பழைய பெயரை அடித்து, வேறு வேறு நிற மையில் புதிய பெயரையும் ஆண்டையும் எழுதிக்கொண்டே போனார்கள். தகப்பன் போய் மகன் வந்த ஆண்டுக்கு ஓரிரு ஆண்டு முன்னே பின்னே இறப்புப் பதிவைத் தேடுங்கள். வட அயர்லாந்துக்கான புத்தகங்கள் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்தின் தளத்திலும், மற்றவை டப்ளினிலும் இருக்கின்றன.

சென்னைக்கும் இதில் ஒரு கொக்கி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படையில் ஐரிஷ் ஆட்கள் பலர் சேர்ந்தார்கள்; அந்தப் படைதான் 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆயிற்று. மெட்ராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளைப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 வரிசையில் உள்ளன. அவற்றில் ஐரிஷ் ஊரை எதிர்பார்க்காதீர்கள். ஓய்வூதியம் பெற்று விலகிய பிரிட்டிஷ் படைவீரரின் படைவிலகல் தாளில்தான் பங்கு, பக்கத்து ஊர், கவுன்டி மூன்றும் இருக்கும்.

மரபணுச் சோதனை கடைசியில்தான் வரட்டும். கொள்ளுத்தாத்தா பொதுவாக உள்ளவர்கள் சராசரியாக 230 சென்டிமார்கன் (மரபணுப் பகிர்வை அளக்கும் அலகு) அளவுக்கும், எள்ளுத்தாத்தா பொதுவானால் 70 அளவுக்கும் பகிர்வார்கள். மேற்குக் கரை ஊர்களில் உள்ளுக்குள்ளேயே மணம் முடித்ததால் இந்த எண் ஊதிப் பெருகும். பொருத்தம் வந்தவரிடம் முதலில் ஊரைக் கேளுங்கள்.

இன்று இருப்பவரை அடைய, மரண அறிவிப்புகள் வரும் ‘ஆர்.ஐ.பி.’ தளத்தில் அந்த ஊரையும் குடும்பப் பெயரையும் போடுங்கள். பிள்ளைகள், உடன்பிறந்தார், மணமாகிப் போன ஊர் வரை இருக்கும். பிறகு கையால் ஒரு கடிதம் எழுதுங்கள்: 1901 படிவத்தின் படி ஒன்று, நீங்கள் யாருடைய வழி என்று காட்டும் ஒரு பக்கக் கிளைப்படம், பழைய புகைப்படம் இருந்தால் அதன் நகல். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து திடீரென்று ஒரு பங்காளி முளைத்தால், அங்கேயும் முதலில் நினைவுக்கு வருவது வயல் வரப்புதான்.