பெட்டி மேல் ஒரு முகம்

(குன்னூரில் ஒரு தையல் பயிற்சி வகுப்பின் நிறைவு நாளில் பேசியது)

டீச்சரம்மாவுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

என் அம்மா கட்டபெட்டுப் பக்கம் கொழுந்து பறித்தவர். நான் திருநங்கை. புடவைக் கடைகளுக்கு மாடலாக நிற்பது என் தொழில். ராம்ப் நடை எனக்கு வந்தது விழுப்புரத்தில், திருநங்கைகளுக்கான மிஸ் கூவாகம் அழகிப் போட்டி மேடையில். ஆனால் ராம்ப் சோறு போடாது. சோறு போடுவது கேட்டலாக். ஒரே நாளில் இருபது, முப்பது புடவை மாற்ற வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து வேன் பிடித்து இங்கே வந்து தேயிலைத் தோட்டத்து ஓரம் நிறுத்துவார்கள். காலைக் குளிரில் கையில்லாத பிளவுஸ். கை புல்லரித்தால் படத்தில் அப்படியே விழும். அதனால் சால்வைக்குள் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றி, ‘ரெடி’ என்றதும் சால்வையை உதறிவிட்டுச் சிரிக்க வேண்டும். முன்பக்கம் பிளவுஸ் கச்சிதம். முதுகுப் பக்கம் வந்து பாருங்கள், துணி காயப்போடுகிற கிளிப் நாலு தொங்கும்! எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. தோள் அகலம், அக்குளில் பிடிக்கும். முதுகுத் தையலைப் பிரித்துவிட்டு முந்தானையால் மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அளவெடுக்கச் சொன்னால் மேலே கை படாமல் டேப்பை எட்டி நின்று நீட்டிய டெய்லர்களும் உண்டு.

அமெரிக்காவில் ட்ரேசி நார்மன் என்று ஒரு கறுப்பினப் பெண். 1975ல் நியூயார்க்கில் மாடல் பெண்கள் சிலர் ஒரு ஓட்டலுக்குள் போவதைப் பார்த்து, தானும் பின்னாலேயே போய்விட்டார். உள்ளே ஆள் எடுத்துக்கொண்டிருந்தது இத்தாலிய ‘வோக்’ பத்திரிகைக்கு. படம் எடுத்தவர் இர்விங் பென். அப்புறம் கிளேரால் தலைச்சாயப் பெட்டியின் மேல் ட்ரேசியின் முகம் வந்தது. கருஞ்சிவப்புச் சாயம், எண் 512. அவர் திருநங்கை என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது. 1980ல் ஒரு படப்பிடிப்பில் விஷயம் தெரிந்த ஒருவர் பத்திரிகைக்காரர் காதில் போட்டார். வேலை நின்றது. முகம் என்னவோ அதே முகம்தான். அதே கம்பெனி அவரை மறுபடி விளம்பரத்துக்குக் கூப்பிட்டது 2016ல்.

இப்போது காலம் மாறவில்லையா என்பீர்கள். மாறியிருக்கிறது. 2017ல் பிரேசிலின் திருநங்கை வாலெண்டினா சம்பையோ பாரிஸ் ‘வோக்’ அட்டையில் வந்தார். அதே ஆண்டு, நேபாள விவசாயக் குடும்பத்துத் திருநங்கை அஞ்சலி லாமா மும்பை லாக்மே ஃபேஷன் வீக்கில் நடந்தார்; அதற்கு முன் இரண்டு முறை அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

என் கதைக்கு வருகிறேன். ஏப்ரல் 15 திருநங்கையர் தினம். அந்த வாரம் என் போன் ஓயாது. பொன்னாடை, பேட்டி, ராம்ப் வாக். ‘சம்பளம் எவ்வளவு?’ என்று கேட்டால், ‘விழிப்புணர்வுதானே மேடம்’ என்பார்கள். தீபாவளிக் கேட்டலாக் எடுக்கிற ஆடி மாதத்தில் அதே போன் செத்துக் கிடக்கும். ஒரு கடைக்காரர் போட்டோ பார்த்து என்னை வேலைக்கு எடுத்தார். பதினைந்து புடவை முடிந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் குரலைக் கேட்டவர், தனியாக மேக்கப் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். பாதிப் பணம் வந்தது. படம் ஒன்றுகூட வரவில்லை.

பொன்னாடை என் பீரோவில் நிறைய இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தத் தலைச்சாயப் பெட்டி மாதிரி ஒரு இடம். கடை அலமாரியில், சாதாரணமாக, வருஷம் முழுக்க.

சரி, மழை விட்டுவிட்டது போலிருக்கிறது. பஸ் அவசரம் இல்லாதவர்களில் ஒருவர் மட்டும் இருங்கள். சனிக்கிழமை ஷூட் இருக்கிறது, பிளவுஸ் துணி பையில் கொண்டுவந்திருக்கிறேன். டேப்பை ஒட்டிப் பிடித்து அளவெடுக்க வேண்டும். கூலி முழுசாகத் தருவேன்.