தூக்குக்குண்டு செங்கல் அடுக்காது

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பு நண்பர்களே, மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிடப்பட்ட சாலைகளை எல்லாம் சுற்றிக் கடந்து மயிலாப்பூர் வரை வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மக்கள் பணத்தில் நடக்கும் வீட்டுக் கடன் நிறுவனத்தைக் காப்பது நிர்வாக இயக்குநரின் திறமையா, வாரியத்தின் கண்காணிப்பா என்பது இன்று நமக்கு விடப்பட்ட கேள்வி. கண்காணிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அழகான ஓர் உவமை சொன்னார். வீட்டைக் கட்டுபவர் கொத்தனார்தானே தவிர, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பத்துப் பேர் அல்லர் என்றார். அரங்கம் கை தட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அந்தக் கொத்தனாரின் பைக்குள் அவர் எட்டிப் பார்க்கவில்லை. அதில் கரணை இருக்கும், ரசமட்டம் இருக்கும், நூலில் கட்டிய தூக்குக்குண்டும் இருக்கும். முப்பது ஆண்டு சுவர் எழுப்பிப் பழகிய கையானாலும், நாலு வரிசை எழும்பியதும் மேலிருந்து நூலை விட்டு, குண்டு ஆடி ஓயும் வரை பொறுத்திருந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கல்லை எடுக்கிறது. தூக்குக்குண்டு ஒரு செங்கல்லைக்கூட அடுக்காது. அதற்காக அதைப் பையிலிருந்து எடுத்து எறிந்த கொத்தனாரை நான் பார்த்ததில்லை.

வாரியம் என்ற சொல்லையே சற்றுக் கவனியுங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தின் பெயர்ப் பலகையில் நாம் நாள்தோறும் படிக்கும் இந்தச் சொல், இங்கிருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக வெட்டப்பட்டுக் கிடக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பொதுச் சொத்துக்கு ஒரு குழு வைத்தவர்கள், அந்தக் குழுவில் யார் அமரலாம் என்பதற்கு முதலாம் பராந்தகன் காலத்திலேயே விதி எழுதினார்கள். குடவோலை முறையை எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகக்கூடாது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவரும் ஒதுங்கி நிற்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை மட்டும் இன்றைய சென்னையில் வைத்தால் இந்த அரங்கில் பாதிப் பேர் தேற மாட்டோம், நானும் சேர்த்துத்தான். 919இல் எழுதிய விதியில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பை 921இல் 35 முதல் 70 வரை என்று திருத்தவும் செய்தார்கள். திறமைசாலி கிடைத்தால் போதும் என்று அந்த ஊர்ச் சபை நினைத்திருந்தால் இவ்வளவு கல்லை வெட்டியிருக்க வேண்டியதில்லை.

இனி வீட்டுக் கடனுக்கு வருகிறேன். மற்றக் கடன்களுக்குச் சொல்லும் நியாயம் இதற்குப் பொருந்தாது. பயிர்க் கடன் ஒரு பருவத்தில் திரும்பும். நகைக் கடன் பெரும்பாலும் ஓராண்டில் முடியும். 30 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கியவர், மாதம் ஏறக்குறைய 27,000 ரூபாயாக 240 தவணை கட்டியாக வேண்டும். அந்த 240 மாதங்களில் நிர்வாக இயக்குநரின் அறைக்கு வெளியே எத்தனை முறை பெயர்ப் பலகை மாறும் என்று எண்ணிப் பாருங்கள். அரசுப் பணியிலிருந்து அனுப்பப்படுபவர் இரண்டு ஆண்டு இருப்பார், மூன்று ஆண்டு இருப்பார். உண்மையிலேயே திறமைசாலி என்றால் அதற்கு முன்பே வேறொரு துறை கூப்பிட்டுக்கொள்ளும். தவறாகக் கொடுத்த வீட்டுக் கடன் கொடுத்த வருடத்தில் தவறாகத் தெரிவதில்லை. கடன் வளர்ச்சி என்ற தலைப்பில் ஆண்டறிக்கையின் வண்ணப் பக்கத்தில் இடம்பெறும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோய் வாராக் கடன் என்று ஏட்டில் ஏறும் நாளில், கையெழுத்துப் போட்டவருக்கு வேறொரு மாவட்டத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார்கள்.

வாரியத்தின் இயக்குநர்களும் மாறத்தானே செய்கிறார்கள் என்று எதிரணித் தலைவர் குறிப்பெடுப்பது தெரிகிறது. மாறுகிறார்கள், ஐயா. ஆனால் வாரியத்துக்கு மினிட்ஸ் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. யார் கேட்டார், என்ன பதில் வந்தது, எந்த உறுப்பினர் உடன்படவில்லை என்பது அதில் இருக்கும். எட்டு ஆண்டு கழித்து வருகிற தணிக்கையாளர் பக்க எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஒருவருடைய திறமைக்கு அப்படி ஒரு புத்தகம் கிடையாது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பொதுத் துறையைச் சேர்ந்த ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்தில் பல ஆண்டுகள் உள் தணிக்கைப் பிரிவில் இருந்தவன்; நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு நிர்வாக இயக்குநர் இருந்தார். மார்ச் மாத இலக்கை ஜனவரியிலேயே முடித்துவிடுவார். ஒரு பைசா கை நீட்டாதவர். எதிரணி கொண்டாடும் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிற மனிதர்.

அப்போது வாரியத்தின் கடன் துணைக்குழுவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரைப் பொது உறுப்பினராக அரசு நியமித்திருந்தது. அவருக்கு நிதியியல் தெரியாது என்று எங்கள் அதிகாரிகளே கேண்டீனில் சிரித்ததுண்டு. ஒரு கூட்டத்தில், செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு மனைப் பிரிவில் கட்டப்படும் வீடுகளுக்கு, நிறுவனம் கொடுக்கும் கடனின் இரண்டாம் தவணையை விடுவிக்கும் கோப்புகள் வந்தன. வேலை லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னல்களின் மேல்மட்டம் வரை வந்தால்தான் அந்தத் தவணை. ஒவ்வொரு கோப்பிலும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் ஒரு புகைப்படமும் உண்டு. அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோப்புகளிலிருந்து படங்களை மட்டும் உருவி, மேசை மேல் வரிசையாக வைத்தார். ஆறு படங்கள். ஆறிலும் பாதி எழுந்த சுவர். ஆறிலும் முருங்கை மரம். மரத்தடியில் மூடி உடைந்த ஒரு நீல டிரம். படம் எடுத்த கோணம்தான் வேறு. "இந்த டிரம் ஆறு வீட்டுக்கும் பொதுவா?" என்று கேட்டார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "நாற்பது வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், பார்த்து எழுதினால் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் நாங்கள் வேனில் போய் இறங்கினோம். ஆறு மனை, ஒரே சுவர், ஒரே டிரம். நிர்வாக இயக்குநருக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. வேகத்தை மட்டுமே கேட்டவருக்கு வேகத்தை மட்டுமே கொடுத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரியக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. கடன் வாங்குபவர் படத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு பகுதிக்கு ஒரே மதிப்பீட்டாளர் தொடரக்கூடாது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: உள் தணிக்கைப் பிரிவின் அறிக்கை அன்று முதல் நிர்வாக இயக்குநரின் மேசைக்குப் போய் வடிகட்டப்படாமல், நேரே தணிக்கைக் குழுவுக்குப் போகத் தொடங்கியது. யாருடைய கணக்கைப் பார்க்கிறோமோ அவரிடமே அறிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அதற்குப் பிறகுதான் முதுகெலும்பு வந்தது.

என் கதை சிறியது. நாடறிந்த கதைக்கு வருகிறேன். 2018 செப்டம்பரில், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் விழுந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஒரே தலைமையின் கீழ் இருந்து, அந்தத் தலைமைக்காகவே புகழப்பட்ட நிறுவனம் அது. அதன் இடர் மேலாண்மைக் குழு 2015க்கும் 2018க்கும் இடையில் ஒரே ஒரு முறைதான் கூடியது என்பது பின்னர் வெளியே வந்தது. திறமை நாற்காலியில் இருந்தது. தூக்குக்குண்டு பைக்குள் தூங்கியது. அந்த அதிர்ச்சியில், சில மாதங்களில் திருப்பித் தர வேண்டிய கடன் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டி 20 ஆண்டுக் கடனாகக் கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குச் சந்தை கதவை அடைத்தது. அடுத்த ஆண்டு தனியார் வீட்டுக் கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். சாய்ந்தது; அதன் கடன் 80,000 கோடி ரூபாய்க்கும் மேல். அப்போது ரிசர்வ் வங்கி என்ன செய்தது என்பதை நடுவர் அவர்கள் கவனிக்க வேண்டும். 2019 நவம்பர் 20 அன்று இயக்குநர் வாரியம் முழுவதையும் கலைத்து, நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் முன்னாள் நிர்வாக இயக்குநரை நிர்வாகியாக அமர்த்தியது. பொறுப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று சட்டம் நினைக்கிறதோ அங்கேதானே முதல் கை விழும்?

அவை தனியார் நிறுவனங்கள், அரசு நிறுவனத்துக்குப் பின்னால் கஜானா நிற்கிறது, அது மூழ்காது என்று சகோதரி சொன்னார். 1968இல் நியூயார்க் மாநிலம் ஒரு நகர வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. வீடு கட்டவும் அதற்குப் பத்திரம் விற்றுப் பணம் திரட்டவும் அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு; தலைமையில் நகரச் சீரமைப்பில் புகழ்பெற்ற ஒருவர்; பணம் முழுதும் கைக்கு வருமுன்பே அடிக்கல் நாட்டும் வேகம். 1975 பிப்ரவரியில் 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட குறுகிய காலப் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் நின்றது. கஜானா பின்னால்தான் இருந்தது. அந்தப் பத்திரங்களுக்குச் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

திறமையால் தீராத சிக்கலும் உண்டு. 1988இல் தொடங்கப்பட்ட தேசிய வீட்டு வசதி வங்கி, வீட்டுக் கடன் நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பதாகவும் அவற்றை ஒழுங்குபடுத்துவதாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. கொடுத்த கடன் திரும்பி வர வேண்டும் என்ற கவலையும், வாங்கியவரைக் கண்டிக்க வேண்டிய கடமையும் ஒரே தலைக்குள் இருந்தால் எந்த மேதையாலும் சமாளிக்க முடியாது. அது முரணான பொறுப்பு என்று 2019 நிதிநிலை அறிக்கை உரையிலேயே சொல்லி, அந்த ஆகஸ்டில் ஒழுங்குமுறை அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்கு மாற்றினார்கள். ஆளை மாற்றித் தீர்க்க முடியாததை அமைப்பை மாற்றித் தீர்த்தார்கள்.

எதிரணியின் வலுவான வாதத்தை நான் தட்டிக் கழிக்கப் போவதில்லை. வாரியங்கள் ரப்பர் ஸ்டாம்ப் என்றார்கள். முந்திரிப் பருப்புக்கும் பயணப்படிக்கும் கூடுகிற கூட்டம் என்றார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களில் நானே கோப்பைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். நானூறு பக்க அஜெண்டா முதல் நாள் இரவு வீட்டுக்கு வரும். உண்மையிலேயே விவாதிக்க வேண்டிய பொருள், டேபிள் அஜெண்டா என்ற பெயரில் கூட்டம் முடிகிற நேரத்தில் கையில் திணிக்கப்படும். துறைச் செயலாளர் வராமல் அவர் அனுப்பிய துணை அலுவலர், கேட்டுச் சொல்கிறேன் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருப்பார். எல்லாம் உண்மை. ஆனால் அந்த இரவு நேர அஜெண்டாவைத் தயாரித்து அனுப்புபவர் யார்? நிர்வாகம்தான். வாரியத்தைக் குருடாக்கிவிட்டு அதற்குக் கண் தெரியவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார்கள்.

கம்பெனிச் சட்டம் ஆண்டுக்கு நான்கு கூட்டம் கேட்கிறது. இரண்டு கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. தனக்கு ஆதாயம் உள்ள பொருளில் இயக்குநர் அதை வெளிப்படுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும் என்கிறது. கருவி இருக்கிறது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே கோப்பு போனால், டேபிள் அஜெண்டாவுக்குத் தலைவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால், அதே உறுப்பினர்கள் வேறு மாதிரிக் கேள்வி கேட்பார்கள். வாரியத்தால் தாமதம் ஆகிறது என்றார்கள். செங்குன்றக் கோப்புகள் தாமதமானது நிஜம்தான். 27,000 ரூபாய்த் தவணையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்குச் சில நாள் தாமதம் வலிக்கும், மறுக்கவில்லை. அந்த ஆறு கோப்புகளுக்குப் பின்னால் அப்படி ஒரு குடும்பம் இல்லை.

முதல் மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. ஒரே ஒரு செய்தி. டி.எச்.எஃப்.எல். வாரியத்தைக் கலைக்க ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் கொடுத்த பிரிவு, ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 45-ஐஇ. அந்தப் பிரிவு அரசுக்குச் சொந்தமான நிதி நிறுவனங்களுக்குப் பொருந்தாது. தனியார் நிறுவனத்தில் வாரியம் தூங்கினால் வெளியிலிருந்து ஒருவர் வந்து தட்டி எழுப்பலாம். அரசு நிறுவனத்தில் அந்தக் கதவு மூடியிருக்கிறது. அங்கே நிர்வாக இயக்குநர் நீட்டும் கோப்பைப் பார்த்து, இந்த டிரம் யாருடையது என்று கேட்கக்கூடியவர் வாரியத்தில் இல்லையென்றால் வேறு எங்கே இருப்பார்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.