வீராணம் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தூண்டிலோடு எங்கே போகலாம் என்று கேட்டால் நான் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிப் பக்கத்தைத்தான் சொல்வேன். கொள்ளிடத்துத் தண்ணீர் அணைக்கரை ஊரில் இருக்கிற கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து ஏரியை நிரப்பி, அங்கிருந்து மதகு மதகாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. ஆறு, ஏரி, வாய்க்கால் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிற இடம்.

எனக்குப் பிடித்தது வாய்க்கால்தான். புதுத்தண்ணீர் வந்துவிட்டால் கெண்டையும் கெளுத்தியும் எதிரேறத் தொடங்கிவிடும். மதகடியில் நுரை அடங்குகிற இடம் பார்த்து உட்காருங்கள். கெளுத்திக்கு மண்புழு, ஜிலேபி மீனுக்குக் கோதுமை மாவு உருண்டை, அவ்வளவு போதும். கெளுத்தியைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது மட்டும் கவனம், செவுளுக்குப் பின்னால் இருக்கிற முள் குத்தினால் கை கடுகடுவென்று கடுக்கும்.

சரி, விராலுக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் வந்தேன். மழைக்காலத்தில் கோரை ஓரமாகத் தண்ணீர் லேசாகக் கொதிக்கிற மாதிரி தெரியும். உற்றுப் பார்த்தால் செக்கச்செவேலென்று நூற்றுக்கணக்கான குஞ்சுகள், மூச்சுக்காகக் கூட்டமாக மேலே வந்து வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையை அங்கே இழுத்தால் விரால் பாய்ந்து கடிக்கும். பசியில் இல்லை, குஞ்சை விட்டு விரட்டத்தான் கடிக்கிறது. நல்ல கனமான மீன், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் லால்பேட்டைப் பக்கம் ஒரு வாய்க்காலில் ஒருவர் அப்படித் தூக்கியதை நான் கரையில் நின்று பார்த்தேன், கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மற்ற மீன்கள் நாலா பக்கமும் புகுந்து அந்தச் சிவப்புக் கூட்டத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. அவர் மீனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு விராலுக்காக ஒரு வாய்க்கால் விராலே போகிறது. மறுபடியும் சொல்கிறேன், சிவப்புக் குஞ்சு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போங்கள். குஞ்சுகள் கறுத்து, பெரிசாகி, தனித்தனியாகப் பிரிந்த பிறகு வாருங்கள், விரால் எங்கும் போய்விடாது.

கொள்ளிடத்தில் பெரிய கெளுத்தி, வாளை பிடிப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். அதனால் ரெண்டே விஷயம். ஏரியானாலும் குளமானாலும் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, யாரிடம் இருக்கிறது என்று ஊரில் விசாரித்து, அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள். அப்புறம், அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்தில் முதலை உண்டு, இது பயமுறுத்தச் சொல்வதில்லை. தூண்டில் முள் தண்ணீருக்குள் சிக்கிக்கொண்டால் தூண்டில் நரம்பை அறுத்து விடுங்கள், எடுக்கத் தண்ணீரில் இறங்காதீர்கள். மீனைக் கழுவுவதையும் ஆற்றோரத்தில் வேண்டாம், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.